சின்ன அலுவலகத்தில் பல சுவிட்சுகளை இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதலில், கணினிகளைக் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை, எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ளதாக வாங்கி ரூட்டருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஆட்கள் கூடக்கூட போர்ட் தீர்ந்துபோகும். பக்கத்து அறைக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்று வரும். பிரிண்டர் வாங்கியதும் அதிலிருந்து இன்னொன்று, கேமரா மாட்டியதும் அதிலிருந்து மற்றொன்று. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் நான்கைந்து சுவிட்சுகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும். கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கு ஒரு ஃபைல் திறக்கவே நேரமாகும். நடுவில் ஒரு பவர் அடாப்டர் கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் நெட் போய்விடும்.

அந்த ரயிலைக் கலைத்து ஒழுங்காக அமைப்பதற்கான வழிகாட்டி இது. இரண்டு முதல் ஆறேழு சுவிட்சுகள், பத்து முதல் எழுபது எண்பது பேர் வரை உள்ள அலுவலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். அடிப்படை விதி ஒன்றுதான்: நடுவில் ஒரு கோர் சுவிட்ச், மற்ற ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் நேராக அதற்கு ஒரு கேபிள். கீழே வருவதில் பெரும்பகுதி இந்த ஒரு விதியைப் பிசகாமல் செய்து முடிப்பதற்கான விவரங்கள்தான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

எதையும் வாங்குவதற்கு முன் அலுவலகத்தின் தரைப்படத்தைக் கையால் வரையுங்கள். எந்த அறையில் எத்தனை மேஜை, பிரிண்டர் எங்கே, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் எங்கே, கேமரா எங்கே, ஃபைல் சர்வர் எங்கே, இணைய இணைப்பு எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு அறையிலும் தேவைப்படும் போர்ட்டுகளை எண்ணுங்கள். ஒருவருக்கு ஒரு போர்ட் என்று கணக்குப் போட்டால் பத்தாது. கணினி, ஐபி ஃபோன், சிலருக்கு இரண்டாவது கணினி என்று எல்லாம் சேரும். சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள்களும் போர்ட்டைத் தின்னும் என்பதை மறந்துவிடுவார்கள். ஐந்து சுவிட்சுகளை ஒரு கோரில் இணைத்தால் அங்கே குறைந்தது ஐந்து போர்ட் போய்விடும். எண்ணி முடித்ததும் கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இன்னொன்றையும் குறியுங்கள்: டேட்டா எங்கிருந்து எங்கே போகிறது? எல்லோரும் இணையத்தை மட்டும் பயன்படுத்தினால் சுமை முழுவதும் ரூட்டரை நோக்கிப் போகும். இணைய இணைப்பு 200 மெகாபிட் என்றால் உள்ளே எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் அதற்குமேல் வராது. ஆனால் எல்லோரும் ஒரு ஃபைல் சர்வரிலிருந்து பெரிய வரைபடங்களையோ வீடியோக்களையோ திறக்கிறார்கள் என்றால் கதையே வேறு. அப்போது சுவிட்சுகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புதான் அலுவலகத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும். இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் பின்னால் எந்த அப்லிங்க் (அறை சுவிட்சைக் கோரோடு இணைக்கும் பாதை) போடுவது என்பதையும் முடிவு செய்யும்.

சங்கிலியில் என்ன தவறு?

ஒவ்வொரு சுவிட்சைத் தாண்டும்போதும் தாமதம் கூடும், அதனால்தான் வேகம் குறைகிறது என்று பலரும் சொல்வார்கள். அது சரியான காரணம் இல்லை. கிகாபிட் வேகத்தில் ஒரு முழு அளவு ஃபிரேமை (கேபிளில் போகும் ஒரு டேட்டா பொட்டலம்) வாங்கி வைத்துத் திரும்ப அனுப்ப ஒரு சுவிட்சுக்கு 12 மைக்ரோ வினாடி ஆகும். நான்கு சுவிட்சுகளைத் தாண்டினாலும் அது மனிதருக்குத் தெரியாது.

உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, பங்கீடு. நான்கு சுவிட்சுகளைச் சங்கிலியாகக் கோத்து, சர்வரை முதல் சுவிட்சில் வைத்தால், மற்ற மூன்று சுவிட்சுகளில் இருக்கும் அத்தனை பேரின் டேட்டாவும் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும் ஒரே கேபிளில் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். கிகாபிட் கேபிளில் நடைமுறையில் 940 மெகாபிட் கிடைக்கும், அதாவது வினாடிக்கு 110 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். பத்து பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 11 மெகாபைட். ஒவ்வொரு சுவிட்சையும் நேராகக் கோரில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கிகாபிட் பாதை கிடைக்கும். சர்வரைக் கோருக்கு 10 கிகாபிட் போர்ட்டில் இணைத்துவிட்டால் அந்த முனையும் அடைபடாது.

இரண்டாவது, பழுது. சங்கிலியில் நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் சாகும். நட்சத்திர அமைப்பில் ஒரு சுவிட்ச் போனால் அந்த அறை மட்டும் போகும். கோரே போனால் எல்லாம் போகும் என்பது உண்மைதான். அதனால்தான் கோருக்கு நல்ல சுவிட்ச், நல்ல யுபிஎஸ், காற்றோட்டமான இடம் எல்லாம் கொடுக்கச் சொல்கிறேன்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. இரண்டே சுவிட்ச் என்றால் சங்கிலியும் நட்சத்திரமும் ஒன்றுதான். நீண்ட வராந்தாவின் கடைசியில் ஒரு பிரிண்டருக்கும் இரண்டு மேஜைக்கும் மட்டும் கேபிள் தேவை, கோரிலிருந்து புதிதாக இழுக்க வழியே இல்லை என்றால், பக்கத்து அறை சுவிட்சிலிருந்து ஒரு சின்ன சுவிட்சைத் தொங்கவிடலாம். கோருக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த சுவிட்ச்?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். செருகினால் வேலை செய்யும் அன்மேனேஜ்டு சுவிட்ச். பிரவுசர் வழியாக உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு முதல் வகையே போதும். இரண்டுக்கு மேல் போனால் கோர் கட்டாயம் மேனேஜ்டாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அம்சங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு கோளாறு வரும்போது எந்த போர்ட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அன்மேனேஜ்டு சுவிட்சிடம் கேட்டால் விளக்கு மின்னுவதைத் தவிர அது ஒன்றும் சொல்லாது.

கோரில் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (10 கிகாபிட் மாட்யூல் செருகும் துளை) குறைந்தது நான்கு இருக்கட்டும். அறை சுவிட்சுகளில் இரண்டு இருந்தால் நல்லது. இன்று 10 கிகாபிட் தேவைப்படாவிட்டாலும் நாளைக்குச் சுவிட்சை மாற்றாமல் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆக்சஸ் பாயின்ட், ஐபி ஃபோன், கேமரா இருந்தால் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும் வசதி) உள்ள சுவிட்ச் வேண்டும். இங்கே பலர் ஏமாறுவது ஒரு கணக்கில். 802.3ஏஎஃப் வகை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், 802.3ஏடி வகை 30 வாட் தரும், 2018-ல் வந்த 802.3பிடி வகை 90 வாட் வரை போகும். ஆனால் 24 போர்ட்டிலும் 30 வாட் என்றால் 720 வாட். அவ்வளவு மின்சாரத்தைப் பல சுவிட்சுகளின் பவர் சப்ளை தராது. பெட்டியின் மேல் மொத்த பிஓஇ பட்ஜெட் என்று ஒரு எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். உங்கள் கருவிகளின் அதிகபட்ச வாட்டைக் கூட்டி அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பட்ஜெட் பத்தாவிட்டால் கடைசியாகச் செருகிய கேமரா எரியாது, அல்லது எல்லா கேமராவும் இரவில் அகச்சிவப்பு விளக்கைப் போடும்போது ஒன்றிரண்டு அணைந்து அணைந்து எரியும். இந்தக் கோளாறைக் கேபிளில் தேடி நாளைக் கழித்தவர்கள் நிறைய.

ஆட்கள் உட்காரும் அறையில் வைப்பதாக இருந்தால் விசிறி இல்லாத மாடலைத் தேடுங்கள்.

கேபிள்: இங்கே கஞ்சம் வேண்டாம்

சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்றுவது வேறு வேலை. ஆகவே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

தாமிரக் கேபிளில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 100 மீட்டர்தான் எல்லை. சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் பேட்ச் கார்டுகளுக்கு (கருவிகளில் செருகும் குட்டைக் கேபிள்) சேர்த்து 10 மீட்டர் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். இந்தக் கணக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. நடுவில் சுவிட்ச் வந்தால் அங்கிருந்து மறுபடியும் 100 மீட்டர்.

கேட் 5இ கேபிள் கிகாபிட்டை 100 மீட்டர் வரை சுமக்கும். 2016-ல் வந்த 802.3பிஇசட் தரத்தின்படி 2.5 கிகாபிட்டையும் அதே தூரத்துக்குச் சுமக்கும். கேட் 6 கேபிள் 10 கிகாபிட்டை நல்ல சூழலில் 55 மீட்டர் வரை கொண்டுபோகும். கேட் 6ஏ 100 மீட்டர் முழுவதும் கொண்டுபோகும், ஆனால் தடிமனானது, வளைப்பது சிரமம். மேஜைகளுக்கு கேட் 6 போதும் என்பேன். கோருக்கும் அறை சுவிட்சுகளுக்கும் நடுவில் போடும் கேபிள் கேட் 6ஏ ஆகவோ ஃபைபராகவோ இருக்கட்டும். இன்னொன்று: அந்த வழியில் ஒன்று போதும் என்றாலும் இரண்டாக இழுத்து வையுங்கள். குழாய்க்குள் ஒன்றாக இழுக்கும்போது கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. பின்னால் ஒன்று பழுதானாலும் வேகத்தைக் கூட்ட நினைத்தாலும் அது கைகொடுக்கும்.

சிசிஏ என்று அச்சிட்ட கேபிளைத் தொடாதீர்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிரம் பூசியது அது. விலை குறைவு, ஆனால் எந்தக் கேட்டகரித் தரத்துக்கும் அது உட்பட்டதல்ல. மின்தடை அதிகம் என்பதால் பிஓஇ ஓடும்போது சூடாகும், தூரத்தில் இருக்கும் கருவிக்கு மின்னழுத்தமும் குறையும். முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் என்றால் ஃபைபர் மட்டும்தான். தாமிரக் கேபிள் இரண்டு கட்டடங்களின் எர்த்தையும் மறைமுகமாக இணைக்கிறது. மின்னல் அடிக்கும்போது அந்தப் பாதையில் வரும் அதிர்ச்சி இரு பக்கத்துச் சுவிட்சுகளையும் எரித்துவிடும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ரேக்கில் இருக்கும் இரண்டு சுவிட்சுகளை 10 கிகாபிட்டில் இணைக்க டிஏசி எனப்படும் இரு முனையிலும் மாட்யூல் பொருத்திய குட்டைக் கேபிள் போதும். தனி மாட்யூல்கள் தேவைப்படாது, சூடும் குறைவு.

மின்சார வயர்களோடு ஒட்டி இணையாக இழுக்காதீர்கள். குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். சுவருக்குள் போகும் திடக் கம்பிக் கேபிளைப் பேட்ச் பேனலில் (கேபிள் முனைகளை வரிசையாக முடித்து வைக்கும் பலகை) முடித்து, அங்கிருந்து சுவிட்சுக்கு வளையும் தன்மையுள்ள பேட்ச் கார்டு போடுங்கள். முனைகளை முடிக்கும்போது டி568ஏ, டி568பி என்ற இரண்டு கம்பி வரிசைகளில் எதுவானாலும் சரி, அலுவலகம் முழுவதும் ஒன்றையே பின்பற்றுங்கள். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் கிராஸ்ஓவர் கேபிள் (ஒரு முனையில் கம்பிகளை இடம் மாற்றி முடித்தது) வேண்டுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் தாமாகவே அதைச் சரிசெய்துகொள்ளும், சாதாரண கேபிளே போதும்.

அப்லிங்க் எவ்வளவு பெரியதாக வேண்டும்?

24 கிகாபிட் போர்ட் உள்ள சுவிட்சுக்கு ஒரே ஒரு கிகாபிட் அப்லிங்க் என்றால் விகிதம் 24-க்கு 1. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் மெயிலும் பிரவுசரும் மட்டும் ஓடும் அலுவலகத்தில் இது தாராளம். எல்லோரும் ஒரே வினாடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. சர்வரிலிருந்து பெரிய ஃபைல்கள் ஓடும் அலுவலகத்துக்கு 10 கிகாபிட் அப்லிங்க் போடுங்கள், விகிதம் 2.4-க்கு 1 ஆகிவிடும், அதற்கப்புறம் கவலையில்லை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. இரண்டு கிகாபிட் கேபிள்களை எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாகக் கட்டலாம். ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். ஆனால் இதை இரண்டு கிகாபிட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளை வைத்துச் சுவிட்ச் ஒரு கணக்குப் போட்டு, ஒவ்வொரு உரையாடலையும் ஏதாவது ஒரு கேபிளில் போடும். ஒரு கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் நடக்கும் ஒரு ஃபைல் நகல் எப்போதும் ஒரே கேபிளில்தான் போகும். பலர் பயன்படுத்தும்போது சுமை பிரியும், தனி ஒருவருக்கு வேகம் கூடாது. ஆகவே தேர்வு இருந்தால் இரண்டு 1 கிகாபிட் கேபிள்களைவிட ஒரே 10 கிகாபிட் கேபிள் மேல்.

எல்ஏசிபி போடும்போது ஒரு ஒழுங்கு உண்டு: முதல் கேபிள் மட்டும் செருகியிருக்கும் நிலையில் இரு சுவிட்சிலும் அமைப்பை முடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது கேபிளைச் செருக வேண்டும். மாற்றிச் செய்தால் லூப், அதாவது டேட்டா சுற்றிச் சுற்றி வரும் வட்டப் பாதை, உருவாகிவிடும்.

லூப்: ஒரு கேபிள் முழு அலுவலகத்தையும் நிறுத்துவது

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை யாருக்கும் நெட் இல்லை. இணையம் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பிரிண்டரும் கிடைக்கவில்லை. எல்லா சுவிட்சுகளின் விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தன. ரூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், இணைய சேவை கொடுப்பவரை அழைத்தோம், பயனில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அப்லிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது மீட்டிங் அறையின் கேபிளை எடுத்ததும் எல்லாம் அமைதியானது. அங்கே மேஜைக்கடியில் இருந்த சின்ன சுவிட்சில் ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் செருகப்பட்டிருந்தன. வார இறுதியில் சுத்தம் செய்தவர் தரையில் கிடந்த முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நினைத்து, காலியாக இருந்த துளையில் செருகியிருக்கிறார். நல்ல மனதோடு செய்த காரியம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேபிள் தவறியதும் மொத்தமும் படுத்துவிடும்படி நான் அமைத்திருந்ததுதான் தவறு.

ஏன் இப்படி ஆகிறது? ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு, ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அது குறைந்து, பூச்சியமானால் பாக்கெட் அழிந்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் வட்டப் பாதையில் நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லா போர்ட்டுகளிலும் ஒரு நகல் வெளியே போகும். சில வினாடிகளில் எல்லா இணைப்புகளும் நிரம்பி வழியும். வட்டம் இருப்பது ஓர் அறையில், ஆனால் பாதிப்பு எல்லா அறையிலும்.

இதற்கான தீர்வை 1985-ல் ரேடியா பெர்ல்மன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது உருவாக்கினார். ஸ்பானிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. சுவிட்சுகள் தங்களுக்குள் பிபிடியு என்ற சிறு செய்திகளைப் பரிமாறி, ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, வேருக்குப் போகும் சிறந்த பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பாதைகளைத் தற்காலிகமாக அடைத்துவிடும். 1990-ல் இது 802.1டி தரமானது. பழைய முறையில் பாதை மாற 30 முதல் 50 வினாடி ஆகும். 2001-ல் வந்த ஆர்எஸ்டிபி சில வினாடிகளுக்குள் முடித்துவிடும். உங்கள் சுவிட்ச் மெனுவில் இரண்டும் இருந்தால் ஆர்எஸ்டிபியைத் தேர்ந்தெடுங்கள்.

செய்ய வேண்டியது மூன்று காரியம்.

முதலாவது, எல்லா மேனேஜ்டு சுவிட்சிலும் ஆர்எஸ்டிபியை இயக்குங்கள். சில மாடல்களில் அது அணைந்த நிலையில்தான் வரும்.

இரண்டாவது, வேர் எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எல்லா சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும். எண் சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் கொடுத்த எண்) உள்ளது வேராகிவிடும். அது மூலையில் தூசி படிந்த பழைய சுவிட்சாகவும் இருக்கலாம்; அப்படியானால் மாற்றுப்பாதைகள் இருக்கும் இடங்களில் டேட்டா சுற்றுவழியாக அதன் வழியே ஓடும். கோரின் எண்ணை 4096 ஆக்குங்கள். அதற்கு அடுத்த முக்கியமான சுவிட்சை 8192 ஆக்குங்கள். இந்த எண் 4096-இன் மடங்காகத்தான் இருக்க முடியும், சிறியது ஜெயிக்கும்.

மூன்றாவது, மேஜைகளுக்குப் போகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்து, பிபிடியு கார்டு (BPDU Guard) என்ற காவல் அம்சத்தை இயக்குங்கள். கணினி செருகியதும் உடனே இணைப்பு கிடைக்கும். யாராவது அங்கே ஸ்பானிங் ட்ரீ பேசும் சுவிட்சைச் செருகினால் போர்ட் தானாக மூடிக்கொள்ளும். அன்மேனேஜ்டு சுவிட்சுகளில் சில பிபிடியுவைக் கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கும் வகையில் வட்டம் விழுந்தால் எஸ்டிபிக்கு அது தெரியாது. அதனால் லூப் டிடெக்ஷன் என்று தனி அம்சம் இருந்தால் அதையும் போடுங்கள். பிராட்காஸ்ட் அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல் இருந்தால் அதுவும் உதவும்.

ஐபி ஃபோன்களையும் கவனியுங்கள். அவற்றின் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. இரண்டையும் சுவரில் செருகிவிட்டால் அதுவே ஒரு லூப்.

இணைக்கும் நாள்

அலுவலகம் இயங்காத நேரமாகப் பாருங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. எல்லா மேனேஜ்டு சுவிட்சுகளையும் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாக மட்டும் மடிக்கணினியில் இணைத்து அமைப்பை முடியுங்கள். ஒரே கம்பெனியின் ஸ்மார்ட் சுவிட்சுகள் பல நேரம் ஒரே ஐபி முகவரியோடு வரும். எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகினால் எதனுள் போகிறோம் என்றே தெரியாது.
2. ஃபர்ம்வேரை (சுவிட்சுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிலையான ஐபி கொடுங்கள். 192.168.10.2 கோர், .3 முதல் அறை, .4 இரண்டாம் அறை என்று வரிசையாக வைத்தால் பின்னால் நினைவில் நிற்கும். டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் சேவை) தரும் எல்லைக்கு வெளியே இந்த எண்கள் இருக்க வேண்டும்.
3. ஆர்எஸ்டிபி, முன்னுரிமை எண், விலேன் (ஒரே சுவிட்சுகளில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது) எல்லாவற்றையும் மேஜையிலேயே முடித்து, அமைப்பைச் சேமியுங்கள். பல சுவிட்சுகளில் மாற்றம் உடனே வேலை செய்யும், ஆனால் தனியாகச் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் மறைந்துவிடும்.
4. கோரை மாட்டி ரூட்டரின் லேன் போர்ட்டில் இணைத்து, ஒரு கணினியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள்.
5. அறை சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கோரில் இணையுங்கள். ஒன்றைச் செருகி, சோதித்து, சரி என்றால் மட்டும் அடுத்தது. அவசரத்தில் ஐந்தையும் செருகினால் கோளாறு எதில் என்று தேடவே அந்த இரவு போய்விடும்.
6. சர்வரையும் அதிகம் பயன்படும் ஆக்சஸ் பாயின்ட்டுகளையும் முடிந்தவரை கோரிலேயே இணையுங்கள்.

விலேன் வேண்டுமா?

எல்லோரும் ஒரே குழு, விருந்தினர் வைஃபை இல்லை, கேமரா இல்லை என்றால் வேண்டாம். தேவையில்லாத சிக்கலைச் சேர்க்காதீர்கள். ஆனால் வெளியாட்களுக்கு வைஃபை கொடுக்கிறீர்கள், கேமராக்கள் இருக்கின்றன என்றால் கட்டாயம் பிரியுங்கள். உதாரணமாக ஊழியர்களுக்கு 10, ஃபோன்களுக்கு 20, விருந்தினருக்கு 30, கேமராக்களுக்கு 40. எண் 1 முதல் 4094 வரை எதுவும் ஆகலாம்.

சுவிட்சுகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்பில் 802.1க்யூ முறைப்படி ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் சீட்டு ஒட்டப்படும், அது எந்த விலேனைச் சேர்ந்தது என்று அடுத்த சுவிட்ச் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். இந்த இணைப்பைச் சில கம்பெனிகள் ட்ரங்க் என்கின்றன, சில டேக்டு என்கின்றன. இரு முனையிலும் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 30-ஐச் சேர்த்து மறுபக்கம் மறந்துவிட்டால் அந்த அறையில் விருந்தினர் வைஃபை மட்டும் வேலை செய்யாது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்.

மேஜை போர்ட்டுகள் அன்டேக்டு, அதாவது சீட்டு ஒட்டாதவை. இங்கே ஸ்மார்ட் சுவிட்சுகளில் ஒரு குழி இருக்கிறது: போர்ட்டை விலேன் 10-இல் அன்டேக்டு உறுப்பினராகச் சேர்ப்பது ஒரு பக்கத்தில், பிவிஐடி என்ற எண்ணை 10 ஆக்குவது வேறொரு பக்கத்தில். முதலாவது வெளியே போகும் ஃபிரேமுக்கு, இரண்டாவது உள்ளே வரும் ஃபிரேமுக்கு. பிவிஐடியை மறந்தால் கணினி அனுப்புவது எல்லாம் விலேன் 1-க்குப் போய்விடும், ஐபி முகவரியே கிடைக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அப்லிங்க் அமைப்பை மாற்றும்போது, தூரத்தில் இருக்கும் சுவிட்சை முதலில் மாற்றி, அருகில் இருப்பதை அப்புறம் மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் தூரத்துச் சுவிட்சுக்குப் போகும் பாதையை நீங்களே அறுத்துக்கொண்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டிவரும்.

விலேனுக்கு விலேன் போகும் டேட்டா ரூட்டர் வழியாக, அல்லது லேயர் 3 வேலை (ரூட்டர் செய்யும் வேலை) செய்யும் கோர் வழியாகத்தான் போக வேண்டும். ஃபைல் சர்வரை ஊழியர்களிடமிருந்து வேறு விலேனில் வைத்துவிட்டுச் சாதாரண ரூட்டரை நம்பினால், ஒவ்வொரு ஃபைலும் ரூட்டருக்குப் போய்த் திரும்பும், அதுவே அடைப்பாகிவிடும். கோர் லேயர் 3 இல்லையென்றால் சர்வரை ஊழியர் விலேனிலேயே வையுங்கள்.

டிஎச்சிபி ஒருவர்தான்

ஒரு நெட்வொர்க்கில் ஐபி முகவரி கொடுக்கும் வேலை ஒருவருடையதாக இருக்க வேண்டும். பழைய வைஃபை ரூட்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும்போதுதான் பெரும்பாலும் இரண்டாவது ஆள் உள்ளே வருவார். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, ஐபியை மாற்றி, கேபிளை இணையத்துக்கான வான் துளையில் செருகாமல் உள் நெட்வொர்க்குக்கான லேன் துளையில் செருகுங்கள். மேனேஜ்டு சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருந்தால் இயக்கி, ரூட்டரை நோக்கிப் போகும் போர்ட்டுகளை மட்டும் நம்பகமானவை என்று குறியுங்கள். அப்புறம் மற்ற போர்ட்டுகளில் யார் இன்னொரு ரூட்டரைக் கொண்டுவந்து செருகினாலும், அது முகவரி கொடுப்பதைச் சுவிட்ச் தடுத்துவிடும்.

சோதித்துப் பார்க்க

ஒவ்வொரு அப்லிங்கும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பிரவுசரில் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் முதல் சந்தேகம் கேபிள்மேல். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனையைப் புதிதாக முடியுங்கள்.

வேகத்தை யாராவது கையால் நிர்ணயித்திருந்தால் இரு பக்கமும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் நிர்ணயம், மறுபக்கம் ஆட்டோ என்றால் மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் அனுப்பும் முறைக்கு, போய்விடும். இணைப்பு இருக்கும், ஆனால் தவழும்.

கடைசி அறையிலிருந்து கோரின் ஐபிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் 1 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும். இரண்டு கணினிகளில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டினால் கிகாபிட் பாதையில் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து போர்ட் புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த ஃபிரேம்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் அது ஏறிக்கொண்டே இருந்தால் கேபிளோ முனையோ மோசம்.

இரட்டை அப்லிங்க் போட்டிருந்தால் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். ஒன்றிரண்டு பதில்கள் தவறி மீண்டும் வந்தால் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் மாற்றுப்பாதை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து.

பின்னால் வருபவருக்காக

கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். அப்லிங்க் கேபிள்களுக்குத் தனி நிறம் கொடுங்கள். சிவப்பைக் கழற்றக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். ஆரம்பத்தில் வரைந்த தாளை இப்போது இருக்கும் நிலைக்குத் திருத்தி, எந்த போர்ட் எங்கே போகிறது, எந்த சுவிட்சுக்கு எந்த ஐபி என்று எழுதி ரேக்கின் கதவுக்குள் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

கோர், ரூட்டர், இணையக் கருவி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஐபி ஃபோன் இருக்கும் அலுவலகத்தில் அறை சுவிட்சுகளுக்கும் யுபிஎஸ் வேண்டும். கோர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. யுபிஎஸ் வாங்கும்போது பிஓஇ சுமையையும் கணக்கில் சேருங்கள்.

ஒவ்வொரு சுவிட்சின் அமைப்புக் கோப்பையும் தரவிறக்கி, தேதியைப் பெயரில் சேர்த்து, அந்த நெட்வொர்க்கை நம்பியிராத ஓர் இடத்தில் வையுங்கள். ஒரு சுவிட்ச் எரிந்துபோனால் அதே மாடலை வாங்கி, கோப்பை ஏற்றி, கேபிள்களை எண் பார்த்துச் செருகினால் அரை மணி நேரத்தில் அந்த அறை வேலைக்குத் திரும்பிவிடும்.